மேல்வீட்டு நிலவறைச் சுடர்

புது ஒயின் பாதி புளித்து நாக்கைச் சுருசுருவென்று கடிக்கிற அக்டோபர் வாரத்தில், ஒரு காலை நேரம், ஓட்டிலியா பேருந்திலிருந்து இறங்கி மேல்வீட்டுக்கு ஏறினாள். திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போகும் அந்தப் பாதையில் இருக்கிற அத்தனை சமையலறை ஜன்னல்களும் அவளைப் பார்த்தன. ஆல்ப்ஸ் மலையின் ஐசாக் பள்ளத்தாக்கில் ஒரு பெண் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறினால், அவள் மேலே போய்ச் சேர்வதற்குள் ஏன் வந்தாள் என்பது கீழே முடிவாகிவிடும்.

இந்தத் தடவை கீழ்வீட்டு ஹெர்மினா முடிவு செய்தது இது: அக்கா செத்து வருஷம் திரும்புகிறது, அக்கா புருஷன் இன்னும் வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறான், தங்கை கிளம்பி வந்துவிட்டாள். இதைச் சொல்லும்போது ஹெர்மினாவின் வாயில் சுட்ட கஷ்கொட்டை இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது. மீதியைக் கேட்டவர்கள் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

உண்மை என்னவென்றால், ஓட்டிலியாவுக்கு அந்த அக்கா புருஷன், மேல்வீட்டு வெண்டலினைக் கண்டாலே ஆகாது. முன்பெல்லாம் வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்டவள், அக்காவைப் புதைத்த நாளிலிருந்து வெறும் பெயரைத்தான் சொல்கிறாள், அதையும் துப்புகிற மாதிரி.

அக்கா ஸென்ஸி போன வருஷம் இதே வாரத்தில் நிலவறையில் செத்துப்போனாள். திராட்சை ரசம் புளிக்கிற நாட்களில் நிலவறைக்குள் ஒரு காற்று பிறக்கும். அதற்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. பீப்பாய்களிலிருந்து வழிந்து தண்ணீர் மாதிரி தரையில் தேங்கி நிற்கும். அதை இழுத்தவர் அடுத்த மூச்சு இழுப்பதில்லை. அதனால்தான் இறங்குவதற்கு முன், நீளக் கம்பியின் நுனியில் மெழுகுவத்தியைக் கொளுத்திப் படிகளின் வழியே கீழே இறக்குவார்கள். எரிந்தால் போகலாம். அணைந்தால் கதவை அகலத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய மரியாதை ஒன்றும் உண்டு. வீட்டுக்காரர் “நான் பார்த்துட்டேன்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், வேறு யாரும் மறுபடி மெழுகுவத்தி இறக்குவதில்லை. இறக்கினால், விருந்தாளிகள் முன்னால் அவரைப் பொய்யன் என்று அழைத்த மாதிரி.

படிகளின் அடியில் கிடந்த ஸென்ஸியின் கையில் குடம் உடையாமல் இருந்தது. மெழுகுவத்தி சமையலறை அலமாரியில் இருந்தது. “அவசரத்துல மறந்துட்டா” என்றான் வெண்டலின். “உள்ளே ரெண்டு கிளாஸ் போயிருக்கும்” என்று ஹெர்மினா சேர்த்துக்கொண்டாள். பாதிரியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவனக்குறைவு பற்றிப் பிரசங்கம் செய்தார். பிப்ரவரியில் மாறுவேஷத் திருவிழா ஊர்வலம் வந்தபோது, ஹெர்மினாவின் புருஷன் கஸியான் பாவாடை கட்டி, ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டி மேல் தள்ளாடித் தள்ளாடி ஆடினான். அவன் முதுகில் ஆளுயர அட்டை மெழுகுவத்தி ஒன்று, அணைந்தபடி. பள்ளத்தாக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“எங்கக்கா அடுப்பை அணைச்சுட்டு ரெண்டு தடவை தொட்டுப் பார்க்கிறவ. அவ மெழுகுவத்தி இல்லாம இறங்கவே மாட்டா.” இதை ஓட்டிலியா ஒரு வருஷமாகச் சொல்லி வந்தாள். கல்லறையில் சொன்னாள், கடைத்தெருவில் சொன்னாள், பாதிரியாரின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

புது ஒயின் விருந்துக்கு வந்து சமைத்துக் கொடு என்று வெண்டலின் கூப்பிட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். பிறகு யாரோ கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். மேல்வீட்டு நிலவறைக் கதவுக்குப் பக்கத்தில் பூவேலை செய்த மரப்பலகை. அதில் சிவப்பு எழுத்து: முதலில் மெழுகுவத்தி! ஸென்ஸி மறந்தாள், நீங்கள் மறக்காதீர்கள்! பக்கத்தில் பல்லைக் காட்டி நிற்கும் இரண்டு சுற்றுலாப் பயணிகள்.

அன்றைக்கே அவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வெண்டலின் நீல ஏப்ரனோடு ஏணியில் நின்று, வாசல் நிலைக்கு மேல் பச்சைக் கிளையைக் கட்டிக்கொண்டிருந்தான். புது ஒயின் தயார், யாரும் வரலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

“வந்துட்டியா மச்சினி! உன் கொழுக்கட்டை இல்லாம இந்த வீட்டுக்கு இலையுதிர்காலமே வரமாட்டேங்குதுன்னு ஊரே அழுவுது.”

“அந்தப் பலகையை எடு.”

“எந்தப் பலகை?”

“எத்தனை பலகை வச்சிருக்கே? எங்கக்கா பேரை எழுதி வச்சிருக்கியே, அது.”

“அட, அது ஒரு எச்சரிக்கைம்மா. நல்லதுக்குத்தான். வர்றவங்கல்லாம் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிறாங்க. ஸென்ஸியை யாரும் மறக்கலை பாரு.”

ஓட்டிலியா பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

நிலவறைக் கதவு, சமையலறையை ஒட்டிய இடைகழியின் கோடியில் இருந்தது. அங்கே பகலிலும் வெளிச்சம் குறைவு. கல் சுவரில் ஈரம் பூத்திருந்தது. புகையில் தொங்கும் பன்றி இறைச்சியின் வாடையும் புளித்த முட்டைக்கோஸின் வாடையும் அவளோடு பாதி தூரம் வந்து, அதற்கு மேல் வராமல் நின்றுகொண்டன. கதவுக்குப் பின்னாலிருந்து பீப்பாய்கள் கொப்பளிக்கும் சத்தம் வந்தது. ஒரு கூட்டமே வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசுகிற மாதிரி.

பலகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஆணி முனகிக்கொண்டே பிடுங்கிக்கொண்டு வந்தது. அந்த இழுப்பில் கதவும் லேசாகத் திறந்துகொண்டது.

வந்த காரியம் அத்தோடு முடிந்தது, போயிருக்கலாம். ஆனால் அக்கா விழுந்த இடத்தை அவள் இன்னும் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்திருந்த கம்பியை எடுத்தாள், மெழுகுவத்தியைக் கொளுத்தினாள், படிகளின் வழியே மெல்ல இறக்கினாள். பாதிப் படி போவதற்குள் சுடர் நீலமாகச் சுருங்கி, நூலாகி, அணைந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளம் அதுவரைக்கும் நிறைந்திருந்தது.

கம்பியை மேலே இழுத்தாள்.

கீழே வெளிச்சம் போகவில்லை.

படிகளின் அடியில், தரையை ஒட்டி, ஒரு சுடர் நின்றது. மெழுகுவத்தி இல்லை, திரி இல்லை. எந்தச் சுடரும் உயிரோடு நிற்க முடியாத இடத்தில் அது நின்றது. ஆடவில்லை. சுவரில் வரைந்து வைத்த மாதிரி அசையாமல் நின்றது.

ஓட்டிலியா குனிந்து எட்டிப் பார்த்தாள்.

“ஸென்ஸி?” என்றாள், தன் காதுக்கே கேட்காத குரலில்.

பீப்பாய்களின் சத்தம் நின்றது.

ஒன்றொன்றாக அல்ல. எல்லாம் ஒரே நேரத்தில், கண்டிப்பான டீச்சர் வகுப்புக்குள் நுழைந்த மாதிரி.

அந்த அமைதியில் ஏதோ ஒன்று அவளை நிமிர்ந்து பார்த்தது. அதில் பாசம் இல்லை, அழைப்பும் இல்லை. ஓட்டிலியாவுக்கு அந்தப் பார்வை தெரிந்ததுதான். சின்ன வயதில் தான் செய்த தப்புக்கு அக்கா அடி வாங்கிய நாட்களில், அக்காவின் கண் இப்படித்தான் இருக்கும். அது அவள் மேல் வந்த கோபம் அல்ல. கோபம் வேறு யாருக்கோ காத்திருந்தது.

கதவை அறைந்து சாத்தினாள். உள்ளே மறுபடி பேச்சுச் சத்தம் தொடங்கியது.

பலகையை முற்றத்துக்குக் கொண்டுபோய், கஷ்கொட்டை சுடுவதற்காக மூட்டியிருந்த நெருப்பில் போட்டாள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. வெண்டலின் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான்.

“எரி, எரி. வேற ஒண்ணு எழுதிக்கிறேன். கொழுக்கட்டைக்கு மாவு பிசைஞ்சாச்சா?”

பிசைந்தாள். அந்த மாவு அன்றைக்கு வாங்கிய குத்துக்கு மனிதனாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

மத்தியானம் கழிந்ததும் சனம் வரத் தொடங்கியது. முதல் நாள் விருந்து எப்போதும் பள்ளத்தாக்கு ஆட்களுக்குத்தான், வெளியூர்க்காரர்கள் பிறகு வருவார்கள். பார்லி சூப்பு போயிற்று, கீரையும் தயிர்க்கட்டியும் அடைத்த பிறைக் கொழுக்கட்டை வெண்ணெயில் மிதந்து போயிற்று, ரத்தப் பொரியலும் முட்டைக்கோஸும் போயின. சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிட, மலையின் நிழல் பந்தல்களின் மேல் ஏறி முற்றத்துக்கு வந்து, ஜன்னல் வழியாக மேசை மேலும் உட்கார்ந்துகொண்டது. விளக்குகளைப் போட்டார்கள்.

“பலகை எங்கேப்பா காணோம்?” என்று கேட்டான் கஸியான், வாயில் இறைச்சியோடு.

“என் மச்சினி நெருப்புல போட்டுட்டா,” என்றான் வெண்டலின். “அக்கா மெழுகுவத்தியைக் கொளுத்தலை, தங்கச்சி பலகையைக் கொளுத்திட்டா. கணக்கு நேராயிடுச்சு.”

மேசை முழுக்கச் சிரித்தது. ஹெர்மினா சிரித்த சிரிப்பில் ஒயின் மூக்கு வழியாக வந்தது. ஓட்டிலியா கசகசா பூரணம் வைத்த பலகாரத் தட்டை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்கு. தட்டு விரிசல் விட்டது.

“கோவிச்சுக்காதே ஓட்டி,” என்றாள் ஹெர்மினா. “செத்தவங்களை நினைச்சு சிரிக்கிறதும் ஒரு பிரார்த்தனைதான்.”

“அப்போ நீ சாகிறப்போ நான் ரொம்ப பக்தியா இருப்பேன்,” என்றாள் ஓட்டிலியா.

அதற்குள் முந்தின நாளே ரொப்பி வைத்திருந்த குடங்கள் காலியாகிவிட்டன. “ஒயின்! ஒயின்!” என்று கிளாஸ்களால் மேசையைத் தட்டினார்கள். வெண்டலின் அக்கார்டியன் வாசிக்கிறவனுக்குப் பக்கத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். திரும்பாமலேயே ஒரு குடத்தை எடுத்து ஓட்டிலியாவின் பக்கம் நீட்டினான்.

“ஓடு மச்சினி, ரொப்பிட்டு வா. மெழுகுவத்தி நான் பார்த்துட்டேன்.”

ஓட்டிலியாவின் கை குடத்தை வாங்கிவிட்டது. பிறகுதான் அந்த வார்த்தை காதில் ஏறியது.

காலையிலிருந்து அவன் அந்த இடைகழிப் பக்கமே போகவில்லை. கம்பியை அவள் சாத்தி வைத்த இடத்தில் அது அப்படியே நின்றது, சற்று முன்தான் பார்த்தாள். உள்ளே பாதிப் படிவரை விஷக்காற்று. இவன் கை தட்டிக்கொண்டே சொல்கிறான்.

“இதையேதான் அவகிட்டயும் சொன்னியா?”

“என்ன?”

“மெழுகுவத்தி நான் பார்த்துட்டேன்னு. இப்படியே, திரும்பிக்கூடப் பார்க்காம. அவளும் மறுபடி பார்த்தா உன் மானம் போயிடுமேன்னு இறங்கினா. அப்படித்தானே?”

அக்கார்டியன் பாதி மூச்சில் நின்றது.

“குடிச்சிருக்கா,” என்றான் வெண்டலின் எல்லாரையும் பார்த்து. சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை.

“அவளும் குடிச்சிருந்தான்னு சொன்னீங்க. இந்தக் குடும்பத்துல பொம்பளைங்க எல்லாரும் குடிச்சிடறோம், ஆம்பளைங்க எல்லாரும் பார்த்துடறீங்க. பார்த்தவன் நீதானே? நீயே போய் ரொப்பிட்டு வா.”

குடத்தை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அத்தனை பேர் பார்க்கும்போது அவன் எப்படி மறுப்பான்? “சரி, போறேன். எல்லாரும் வந்து பாருங்க, இவ பைத்தியம் தெளியட்டும்,” என்று நடந்தான். கிளாஸ்களைக் கையில் பிடித்தபடியே கூட்டம் இடைகழியில் நெருக்கிக்கொண்டு வந்தது. ஒரு நல்ல சண்டையை யார்தான் விடுவார்கள்?

வெண்டலின் கதவைத் திறந்தான். மெழுகுவத்தியைக் கொளுத்திக் கம்பியைக் கீழே இறக்கினான். முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

சுடர் எரிந்தது.

பாதிப் படி தாண்டியும் எரிந்தது. தரையைத் தொட்டும் எரிந்தது.

“பாருங்க!” அவன் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது. “சுத்தமான காத்து! நான் சொன்னா சொன்னதுதான்!”

கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். வெண்டலின் குடத்தை இடுக்கிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தான்.

ஓட்டிலியா மட்டும் சுடரைப் பார்த்தாள். அது ஆடவில்லை. இத்தனை பேர் மூச்சு விடுகிற வாசலில், காற்று உள்ளே போய் வருகிற இடத்தில், அது வரைந்து வைத்த மாதிரி நின்றது.

பீப்பாய்கள் ஒரு சத்தமும் போடாமல் காத்திருந்தன.

விட்டுவிடலாம்.

அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு படி இறங்கட்டும், மூன்று படி. ஆனால் இவன் செத்தால் உண்மையும் இவனோடு போய்விடும். அப்புறம் மேல்வீட்டில் மெழுகுவத்தி எரிந்தும் ஆள் செத்தான், ஸென்ஸிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று ஊர் இன்னொரு கதை கட்டும்.

பாய்ந்து அவனுடைய நீல ஏப்ரனின் கழுத்துவாரைப் பிடித்து இழுத்தாள். அவன் பின்பக்கமாக வந்து வாசல்படியில் விழுந்தான்.

“விடுடி!”

“மூடு வாயை. பாரு.”

இடைகழி மேசையிலிருந்த இன்னொரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, துடைப்பக் கட்டையின் நுனியில் சொருகி, முதல் சுடருக்குப் பக்கத்திலேயே இறக்கினாள். பாதிப் படியில் அது நீலமாகி, நூலாகி, அணைந்தது.

முதல் சுடர் எரிந்துகொண்டே இருந்தது.

அணைந்த திரியின் புகை மேலே வரவில்லை. கனத்துப்போய்க் கீழ்நோக்கி வழிந்து, எரியும் சுடரைச் சுற்றி ஒரு தடவை வளைந்தது. பாவாடை விளிம்பு மாதிரி இருந்தது. உள்ளே கால்கள் நிற்கிற மாதிரியும் இருந்தது.

கம்பி வெண்டலின் கையிலிருந்து நழுவிப் படிகளில் கணகணவென்று உருண்டது. மெழுகுவத்தி கம்பியோடு போயிற்று. சுடர் போகவில்லை. இருந்த இடத்திலேயே, அந்தரத்தில் நின்றது.

யாருடைய கிளாஸோ உடைந்தது.

“சொல்லு,” என்றாள் ஓட்டிலியா மெதுவாக. “எனக்கு இல்லை. அவளுக்குச் சொல்லு.”

வெண்டலினின் முகம் மாவாக வெளுத்திருந்தது. விழுந்த இடத்திலேயே எழுந்து முழங்காலிட்டான்.

“நான் பார்க்கலை, ஸென்ஸி. அன்னைக்கு நான் பார்க்கவே இல்லை. கூட்டம்... எல்லாரும் கத்தினாங்க... பார்த்துட்டேன்னு சொல்லிட்டேன். நீ நம்பிப் போனே. அப்புறம் மறந்துட்டான்னு நான்தான் சொன்னேன். நீ மறக்கலை.”

பள்ளத்தாக்கு முழுக்க அதைக் கேட்டது. ஒரு வருஷமாகக் காதில் விழாதது அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே தடவையில் விழுந்தது. ஓட்டிலியாவின் நெஞ்சில் கட்டியாக நின்றது உடைந்தது. இனி சுடர் அணைந்துவிடும், அக்கா போய்விடுவாள் என்று நினைத்தாள்.

சுடர் ஒரு படி ஏறியது.

“வேற என்ன வேணும் அவளுக்கு?” என்று கிசுகிசுத்தாள் ஹெர்மினா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது அவள்தான். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. “அவன்தான் சொல்லிட்டானே. நாங்க சும்மா... விளையாட்டுக்குச் சிரிச்சோம். மனசுல ஒண்ணும் இல்லை.”

இன்னொரு படி.

“பாவாடை கட்டினது ஊர்வலக் கமிட்டி முடிவு,” என்றான் கஸியான் அவசரமாக. “நான் தனியா முடிவெடுக்கலை. வேணும்னா கேட்டுப் பாருங்க...”

இரண்டு படி.

“சாக்குச் சொல்லாதீங்க,” என்றாள் ஓட்டிலியா. “தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

யாரும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தவர்கள்கூட, முதலில் வேறு யாராவது சொல்லட்டும் என்று பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்தார்கள். சுடர் மேல் படிக்கு வந்துவிட்டது. ஒரு பெண் கையை உயர்த்திப் பிடித்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்.

அப்புறம் ஓட்டம்தான். பெஞ்சுகள் கவிழ்ந்தன, அக்கார்டியன் மிதிபட்டு ஒரு அழுகுரல் கொடுத்தது. கோட்டுகளை விட்டுவிட்டு, செருப்புகளை விட்டுவிட்டு, பந்தல்களுக்கு நடுவே சரிவில் உருண்டு புரண்டு ஓடினார்கள். கஸியான் தன் பெண்டாட்டியை முந்திக்கொண்டு ஓடியதை மட்டும் ஓட்டிலியா தெளிவாகப் பார்த்தாள்.

வாசல்படியில் முழங்காலிட்டிருந்த வெண்டலினைச் சுடர் தாண்டியது. அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டிலியாவின் பக்கத்தில் வந்ததும் ஒரு கணம் நின்றது. அதில் வெப்பமே இல்லை. நிலவறைக் கல்லின் குளிர் இருந்தது, அதற்குள் எங்கோ அக்கா தலைக்குப் போடும் ரோஸ்மேரித் தண்ணீரின் வாசனையும் இருந்தது.

“அக்கா,” என்றாள். “போதும். வீட்டுக்குப் போ.”

சுடர் முதல் தடவையாக ஆடியது. மறுத்துத் தலையாட்டுகிற மாதிரி.

பிறகு முற்றத்தைக் கடந்து, பச்சைக் கிளை கட்டிய வாசல் வழியாக வெளியே போயிற்று.

ஓட்டிலியா பின்னாலேயே ஓடி முற்றத்தின் ஓரத்தில் நின்றாள். நிழல் விழுந்த சரிவில், பழுத்துச் சிவந்த திராட்சை இலைகளுக்கு நடுவே, அந்த வெளிச்சம் அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிறவர்கள் போன அதே பாதை. புது ஒயின் வந்தால் வீடு வீடாகப் போய் ருசி பார்ப்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். ஸென்ஸி கிளம்பிவிட்டாள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிலவறை இருக்கிறது. ஒவ்வொரு நிலவறையிலும் ரசம் புளித்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் கம்பியை இறக்குவார், சுடர் அழகாக எரியும்.

“மெழுகுவத்தியை நம்பாதீங்க!” என்று ஓட்டிலியா கீழே பார்த்துக் கத்தினாள். “கேக்குதா? இனிமே எரிஞ்சாலும் இறங்காதீங்க!”

யாரும் திரும்பவில்லை. கஸியான் தன் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் மட்டும் மேலே வந்தது.

அவள் இரண்டாவது தடவை கத்தவில்லை.

கீழ்வீட்டு வாசலில் வெளிச்சம் சற்று நின்றது. பிறகு காணாமல் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, அந்த வீட்டின் நிலவறைக்குத் தரையோடு தரையாக இருக்கிற சின்ன ஜன்னல், உள்ளிருந்து மெல்ல மஞ்சளாகியது.